கழற்றுவதற்கு முன் கேளுங்கள்

கிளச் மாற்றி ஒரு வாரம்கூட ஆகாத காரில் சத்தம் கேட்கிறது. முதலாம் கியரில் புறப்படும்போது வண்டி முழுவதும் உதறுகிறது. உரிமையாளர் கராஜுக்குத் திரும்பிப் போகிறார். அங்கே அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். "புதுச் சாமான்தானே, ஓட ஓடச் சரிவரும்" என்பது ஒன்று. "போட்ட சாமான் சரியில்லை, இன்னொன்று வாங்கி வாருங்கள்" என்பது மற்றது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இந்த இரண்டு பதில்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. வாகனத்தைப் பரிசோதிக்காமலேயே இரண்டும் சொல்லப்படுகின்றன.

நான் வாகனத் திருத்துநன் அல்லன். செய்தித்தாள் அலுவலகங்களில் காலத்தைக் கழித்தவன். ஒரு தகவல் கைக்கு வந்தால், அதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னர் எப்போது, எங்கே, எப்படி, ஏன் என்று கேட்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதற் பாடம். ஓர் இயந்திரத்தின் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கும் இதே கேள்விகள்தாம் வேண்டும் என்பதைப் பல நல்ல மெக்கானிக்குகளின் அருகில் இருந்து பார்த்து அறிந்திருக்கிறேன். கோளாறைக் கண்டறிவது தனியான ஒரு வேலை. அதற்குத் தனியாக நேரமும் தனியாகக் கூலியும் வேண்டும். அந்தக் கூலியைக் கொடுக்க நாம் தயங்குகிறோம். தயங்குவதால் அதைவிடப் பல மடங்கு பணத்தை உதிரிப்பாகக் கடைகளில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்.

ஏன் கிளச்சை எடுத்துக்கொண்டேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. விளக்கோ, பட்டரியோ, பிரேக் கட்டையோ பிழைத்தால் மறுபடி கழற்றிப் பூட்டுவது பெரிய காரியமல்ல. கிளச் அப்படியல்ல. அதைத் தொட வேண்டுமானால் கியர்பொக்ஸைக் கீழே இறக்க வேண்டும். ஆகவே ஊகம் ஒவ்வொரு முறை பிழைக்கும்போதும் முழுக் கூலியையும் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இன் தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கான தடை விலக்கப்பட்டது. இடையில் 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது. வாகனங்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயின. பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய சிறிய கார்களைப் பலர் இன்றும் வைத்திருப்பதற்கு ஆசை காரணமல்ல. வேறு வழியில்லாமைதான் காரணம். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு இரண்டாம் தடவை கியர்பொக்ஸை இறக்கும் செலவு என்பது சிறிய விடயமல்ல.

உள்ளே என்ன நடக்கிறது?

எஞ்சினின் பின்புறத்தில் பிளைவீல் என்ற கனமான சில்லு சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் முகத்தோடு கிளச் பிளேட்டைப் பிரஷர் பிளேட் பலமான ஸ்பிரிங்கினால் அழுத்திப் பிடிக்கிறது. கிளச் பிளேட்டின் நடுவே கியர்பொக்ஸின் தண்டு செருகப்பட்டிருக்கிறது. நாம் கிளச்சை மிதிக்கும்போது ரிலீஸ் பெயாரிங் முன்னே நகர்ந்து ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்துகிறது. பிடி தளர்கிறது. எஞ்சின் சுழன்றாலும் கியர்பொக்ஸின் தண்டு ஓய்கிறது. காலை எடுத்தால் மீண்டும் பிடி இறுகுகிறது.

மிதியின் ஒவ்வொரு நிலையிலும் சில பாகங்கள் சுழல்கின்றன, சில பாகங்கள் ஓய்ந்திருக்கின்றன. எனவே சத்தம் எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் நிற்கிறது என்று கேட்டாலே சந்தேக நபர்களின் எண்ணிக்கை பாதியாகிவிடும். இதற்கு ஆயுதம் எதுவும் தேவையில்லை. ஒரு காலும் இரண்டு காதுகளும் போதும்.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிளச்சை மெதுவாக மிதித்துப் பாருங்கள். அப்போதே கிறீச்சிட்டால் சுழலும் பாகங்கள் எவற்றுக்கும் அதில் சம்பந்தமில்லை. மிதியின் புஷ், கேபிள், ரிலீஸ் பெயாரிங்கைத் தள்ளும் கவை ஆகியவற்றில் ஒன்று உலர்ந்து கிடக்கிறது என்று பொருள்.

அடுத்து எஞ்சினை இயக்கி, கியரை நியூற்றலில் வைத்து, காலை மிதியிலிருந்து முற்றாக எடுத்துவிடுங்கள். இப்போது உறுமல் போன்ற சத்தம் கேட்டு, கிளச்சை முழுவதும் மிதித்தவுடன் அது மறைந்தால், சந்தேகம் கியர்பொக்ஸின் முன்தண்டைத் தாங்கும் பெயாரிங்கின் மீதோ கியர்பொக்ஸின் எண்ணெயின் மீதோ விழ வேண்டும். மிதித்ததும் அந்தத் தண்டு ஓய்ந்துவிடுகிறது. அதனால்தான் சத்தமும் ஓய்கிறது.

மாறாக, அமைதியாக இருந்த வண்டி மிதிக்கும்போது இரையத் தொடங்கினால் ரிலீஸ் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். பாரம் ஏறும் வேளையில்தான் அது குரல் கொடுக்கும். பின்சில்லுகளால் ஓடும் பழைய கார்கள் பலவற்றில் கிராங்ஷாப்டின் நுனியில் ஒரு சிறிய பெயாரிங்கோ புஷ்ஷோ இருக்கும். மிதியை அடிவரை அழுத்தியிருக்கும்போது மட்டும் கீச்சென்ற ஒலி வந்தால் அதையும் மறக்கக் கூடாது. கிளச் மாற்றும்போது பலரும் தொடாமல் விட்டுவிடும் பாகம் அது.

ஓர் ஆசிரியரின் கார்

எனக்கு நெருங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கதையை இங்கே சொல்வது பொருத்தம். முன்சில்லுகளால் ஓடும் சிறிய கார் அவருடையது. கிளச் மாற்றிய பின்னர் நியூற்றலில் நிற்கும்போது உறுமியது, புறப்படும்போது உதறியது. வேலை செய்த கராஜில் ரிலீஸ் பெயாரிங் பிழை என்றார்கள். ஆசிரியர் இன்னொரு பெயாரிங் வாங்கிக் கொடுத்தார். கியர்பொக்ஸ் மீண்டும் இறங்கியது, மீண்டும் ஏறியது. சத்தம் அப்படியே இருந்தது. அதன்பின் கியர்பொக்ஸே பழுது, பாவித்த கியர்பொக்ஸ் ஒன்று தேடுங்கள் என்றார்கள். அந்தக் கட்டத்தில்தான் அவர் என்னுடன் பேசினார். யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டு போனோம்.

அந்த முதியவர் சாவியை வாங்கவில்லை. முதலில் கேள்விகளைக் கேட்டார்.

"மாஸ்டர், கிளச் மாத்த முந்தியும் இந்தச் சத்தம் இருந்ததோ?"

"இல்லை."

"மிதிக்கேக்க கூடுதோ, நிக்குதோ?"

"நிக்குது."

"அப்ப ரிலீஸ் பெயாரிங்கை ஏன் மாத்தினவை?"

அதற்கு ஆசிரியரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. முதியவர் காரை உயர்த்திக் கியர்பொக்ஸில் எண்ணெய் விடும் துவாரத்தின் மூடியைக் கழற்றினார். அந்த வகைக் கியர்பொக்ஸில் எண்ணெய் அத்துவாரத்தின் விளிம்புவரை நிற்க வேண்டும். அவர் விரலை உள்ளே விட்டார். விரல் நனையவில்லை. முன்சில்லு வண்டிகளில் கியர்பொக்ஸை இறக்க வேண்டுமானால் டிரைவ் ஷாப்டுகளை வெளியே இழுக்க வேண்டும்; அப்போது எண்ணெய் வடிந்துவிடும். பூட்டிய பின்னர் அதை அளவாக நிரப்ப வேண்டும். இரண்டு முறை இறக்கியும் இரண்டு முறையும் அது நடக்கவில்லை.

எண்ணெய் நிரப்பியதும் உறுமல் பெருமளவு குறைந்தது. முற்றாக நிற்கவில்லை. எண்ணெய் வற்றிய நிலையில் ஓடிய நாட்களில் பெயாரிங் தேய்ந்திருந்தது. அந்த மெல்லிய இரைச்சலுடன்தான் இன்றும் அந்தக் கார் ஓடுகிறது. கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, நன்றாக இருந்த ஒரு பாகத்தைக் கெடுத்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். தேவையற்ற செலவைவிட இதுவே எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

உதறலின் வரலாறு

அந்த முதியவர் உதறலை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சமதளத்தில் காரை நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கை இறுக்கி, காரின் முன்னாலும் பின்னாலும் நின்றவர்களை விலகச் செய்தார். பொனற்றைத் திறந்துவைத்தார். ஓர் இளைஞன் உள்ளே இருந்து முதலாம் கியரிலும் பின்னர் றிவேர்ஸிலும் கிளச்சைச் சிறிது சிறிதாக விட்டான். முதியவர் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்த்தார். அது ஒரு பக்கமாகக் குதித்து எழுந்தது. கியர்பொக்ஸை இறக்கும்போது தளர்த்திய மவுண்டிங் ஒன்றின் போல்ட் சரியாக இறுக்கப்பட்டிருக்கவில்லை. பத்து நிமிட வேலை. உதறலில் பெரும்பகுதி அத்துடன் போயிற்று.

உதறலுக்குக் காரணங்கள் பல. ஆனால் அவற்றை வரிசைப்படுத்த முடியும். கிளச் அரைகுறையாகப் பிடிக்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் உதறுகிறதா? அல்லது காலை முற்றாக எடுத்து, வண்டி வேகம் எடுத்த பின்னரும் உதறுகிறதா? பின்னரும் தொடர்ந்தால் கிளச்சை விட்டுவிட்டு டிரைவ் ஷாப்ட், சில்லு, எஞ்சினின் எரிதல் ஆகியவற்றைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிளக் ஒழுங்காக எரியாவிட்டாலும் புறப்படும்போது வண்டி நடுங்கும்; பழி கிளச்சின் மேல் விழும்.

பிடிக்கும் வேளையில் மட்டும் உதறினால், வெளியே இருந்து பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மவுண்டிங்குகள், இறுகிச் சிக்கிக்கொள்ளும் கேபிள், அதன் சரிப்படுத்தல் என்பன அவை. அவை எல்லாம் நன்றாக இருந்தால் மட்டுமே கியர்பொக்ஸை இறக்கலாம்.

இறக்கினால் பார்க்க வேண்டியவை வேறு. பழைய பிளைவீலின் முகம் முதலாவது. பழைய கிளச் தேயும்போது உண்டான வெப்பத்தால் அதில் நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை போன்ற வெடிப்புகளும் தோன்றியிருக்கும். அதை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு முகம் சீர்செய்யாமல், அல்லது மாற்றாமல், புதுப் பிளேட்டைப் பூட்டுவது குண்டும் குழியுமான வீதியில் புது ரயரை ஓட்டுவது போன்றது. நம் ஊரில் பணத்தை மிச்சப்படுத்த முதலில் கைவிடப்படும் வேலை இதுவே.

அடுத்தது எண்ணெய்க் கசிவு. கிராங்ஷாப்டின் பின்பக்க ஒயில் சீல் கசிந்தாலோ, கியர்பொக்ஸின் முன் சீல் கசிந்தாலோ, தண்டின் பற்களில் அளவுக்கு மீறிக் கிறீஸ் பூசினாலோ, அந்த எண்ணெய் பிளேட்டின் உராய்வுப் படையில் படும். பிடி சீராக விழாது. எண்ணெய்க் கையால் புதுப் பிளேட்டின் முகத்தைத் தொடுவதும், துரு பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பிரஷர் பிளேட்டில் பூசிய எண்ணெயைத் துடைக்காமல் பூட்டுவதும் இதே தொந்தரவைத் தரும்.

பூட்டும் முறையிலும் பிழை வரலாம். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் அது கோணும். கியர்பொக்ஸை ஏற்றும்போது அதன் பாரத்தைக் கிளச் பிளேட்டின் மேல் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். பிளேட்டை முன்பின்னாக மாற்றிப் பூட்டினால் அதன் நடுப்பகுதி பிளைவீலின் போல்ட்டுகளில் உரசும். கிளச் சரியாக விடாது. எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்பது பல பிளேட்டுகளில் எழுதியே இருக்கும்.

இன்னுமொன்று. பழைய கிளச் பிளேட்டுகளின் உராய்வுப் படையில் கல்நார் கலந்திருந்தது. பழைய வண்டிகளின் கிளச் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடுவது வேலை செய்யும் பையன்களின் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே நல்லது.

நிற்க. "ஓட ஓடச் சரிவரும்" என்ற பதில் எப்போதுமே பொய் என்று நான் சொல்லவில்லை. புதுக் கிளச்சின் முகங்கள் ஒன்றோடொன்று படிந்துகொள்ளச் சில நூறு கிலோமீற்றர் ஓட வேண்டும். மென்மையான, நாளுக்கு நாள் குறைந்து வரும் உதறல் அந்த வகையானது. மழைநாளின் காலையில் மட்டும் தோன்றி, இரண்டு மூன்று முறை புறப்பட்டதும் மறையும் உதறல், ஈரத்தால் பிளைவீலில் படர்ந்த மெல்லிய துருவினால் வருவது. அதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கூடிக்கொண்டே போகும் உதறலும், சூடேறச் சூடேற மோசமாகும் உதறலும், உலோகத்தோடு உலோகம் உரசும் சத்தமும் ஓட்டத்தால் சரிவருவதில்லை. அந்த நிலையில் "ஓடுங்கள்" என்பது மருந்தல்ல, தவணை சொல்வது.

வாங்க ஒன்றும் இல்லாத காலம்

கேட்டறியும் இந்தக் கலை நம்மிடம் இல்லாததல்ல. 1990 களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாக இருந்தது. உதிரிப்பாகங்கள் அதைவிட அரிது. மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொடுத்து எஞ்சினை இயக்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தேய்ந்த கிளச் பிளேட்டை யாரும் எறிந்துவிட முடியாது. அதே இரும்பில் வேறு லைனிங் அடித்துப் பாவித்தார்கள். ஒரு பாகம் உண்மையிலேயே கெட்டுவிட்டது என்று உறுதியாகத் தெரியாமல் ஒருவர் அதைக் கழற்றத் துணியமாட்டார். ஏனெனில் பதிலுக்குப் போட ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது மக்களை வருத்திய காலம். மீண்டும் வரவே கூடாது. ஆனால் அந்த நெருக்கடியில் வேலை பழகியவர்களிடம் ஓர் ஒழுக்கம் இருந்தது. முதலில் கேட்பது, பின்னர் பார்ப்பது, கடைசியில் கழற்றுவது என்பதே அது. அந்தத் தலைமுறை இப்போது ஓய்ந்து வருகிறது. அவர்களுடைய இடத்துக்கு வரும் இளைஞர்களுக்கு வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. அங்கே கற்கும் முறைமையும் பழைய மெக்கானிக்குகளின் காதும் ஓரிடத்தில் சேர்ந்தால் நமக்கு வேறென்ன வேண்டும்?

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் இது தொலைவான விடயமல்ல. கனடாவில் பெரும்பாலான கார்கள் தன்னியக்கக் கியர் கொண்டவை. ஆனால் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் மனுவல் கார்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. அங்குள்ள டீசல் கார்கள் பலவற்றில் பிளைவீல் ஒரே துண்டாக இராது. இரண்டு பாகங்களாக, இடையில் ஸ்பிரிங்குகளுடன் இருக்கும். எஞ்சினை நிறுத்தும்போதும் மெதுவாக ஓடவிடும்போதும் தகரப்பேணியில் கல் உருட்டியது போலச் சத்தம் வந்தால் அந்த ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கக்கூடும். புதுக் கிளச் போட்டு இந்தப் பழைய பிளைவீலை அப்படியே விட்டால், சத்தத்துக்குப் புதுக் கிளச் பழி ஏற்கும். விலை அதிகம் என்பதால் ஒரே துண்டாலான பிளைவீலைப் போட்டுவிடுவோரும் உண்டு. அப்போது முன்னர் இல்லாத அதிர்வும் இரைச்சலும் புதிதாகத் தோன்றலாம். அதைப் போடும் முன்னரே சொல்லிவிடுவது மெக்கானிக்கின் கடமை.

மெக்கானிக்குகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்டு, "உங்கள் காரில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது" என்று சொல்பவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? ஒரு போல்ட்டை இறுக்கியதற்கு இவ்வளவா என்று பேரம் பேசுகிறோம். பெட்டி நிறையச் சாமான் மாற்றியவருக்குக் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்கிறோம். மாற்றிய சாமானைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். யோசனையைப் பிடித்துப் பார்க்க முடியாது. ஆகவே யோசித்தவர் நட்டப்படுகிறார். மாற்றியவர் இலாபம் அடைகிறார். இந்த நிலை நீடிக்கும்வரை எந்த இளைஞன் யோசிக்கப் பழகுவான்?

வாகன உரிமையாளர்கள் சிலவற்றை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கிளச் மாற்றக் கொடுக்கும் முன்னர், இருக்கும் சத்தங்களை மெக்கானிக்குடன் சேர்ந்து கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எது பழையது, எது புதியது என்ற சண்டை பின்னர் வராது. பிளைவீலின் முகம் சீர்செய்யப்பட்டதா, ஒயில் சீல் பார்க்கப்பட்டதா, கியர்பொக்ஸுக்கு எவ்வளவு எண்ணெய் விடப்பட்டது என்பவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேய்ந்த விதத்திலேயே அவை பல உண்மைகளைச் சொல்லும். பரிசோதனைக் கூலியைத் தனியாகப் பேசி, முகம் சுளிக்காமல் கொடுங்கள். பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதானாலும் எழுத்தில் உள்ளதே துணைக்கு வரும்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் "இன்னொரு சாமான் வாங்கி வாருங்கள்" என்று சொன்னால், கடைக்குப் போவதற்கு முன்னர் ஒரு கேள்வி கேளுங்கள். "அந்தச் சாமான்தான் பிழை என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" பரிசோதித்தவர் அதற்கு மகிழ்ச்சியோடு விளக்கம் சொல்வார். பரிசோதிக்காதவர் கோபிப்பார். கோபித்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கராஜைத் தேடுங்கள்.